செப்புத் தகட்டு யானையும் வேலுச்சாமியின் கூரையும்

எங்கள் அறக்கட்டளையின் வரைபட அறையில் இருந்ததையெல்லாம் கணினிக்குள் ஏற்றி முடித்துவிட்டார்களாம். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். பழைய அச்சு வரைபடத் துறைக்கு என் பங்களிப்பைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என் பங்களிப்பு, இழுப்பறைகளைத் திறந்ததும் மூடியதும். விரல் நசுங்காமல் மூடக் கற்றுக்கொள்ளவே முதல் வருடம் போய்விட்டது. இது மலருக்குப் போதாது என்பதால் வேறு சிலவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது கோவையில் ஒரு நாளிதழில், மெய்ப்புத் திருத்துபவராக. ஈய எழுத்துகளின் கடைசிக் காலம் அது. அவசரத்துக்கு மெய்ப்பு எடுக்காமலே, கட்டி வைத்த எழுத்தைக் கல்மேடையில் தலைகீழாகவும் இடவலமாகவும் படித்துவிடுவேன். அங்கே செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். நிருபர் யார் வந்து எதை நீட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இதை யார் பார்த்தது?" "எல்லாரும் சொல்றாங்க சார்" என்று பதில் வந்தால் தாள் அப்படியே குப்பைக்கூடைக்குப் போகும். அதே ஆசிரியர்தான் எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் ஒரே பாலத்தின் படத்தைப் போடுவார். படம் பொறித்த அந்தத் துத்தநாக பிளாக் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவோம். அதை யார் பார்த்தது என்று நான் கேட்டதில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பிறகு கணினி வந்தது, ஈயம் போனது, ஈயத்தோடு நாங்களும். அப்போது ஒரு சிறு விளம்பரம் கண்ணில் பட்டது: கண்ணாடி எழுத்துப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை.

விளம்பரம் கொடுத்தவர் அவிநாசி சாலையில் நூற்பாலை நடத்திய குடும்பத்தின் மூத்தவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே சொன்னோம். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், இயந்திரம் வாங்கப் போகும் நாடுகளில் ஆங்கிலம். அப்படிப் போன இடங்களில் தொழிற்சாலைக்காரர்கள் அவரைக் காக்கவைத்த நேரத்திலெல்லாம் பழைய அச்சுப் படக் கடைகளில் நின்றிருக்கிறார். மற்ற ஆலை முதலாளிகள் கைக்கடிகாரத்தோடு திரும்பினார்கள். இவர் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வரைபடங்களைக் குழாயில் சுருட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவற்றை அச்சடித்த செப்புத் தகடு ஒன்றும். செதுக்குபவர் தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். ஆகவே தகட்டைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது.

தகட்டை என் கையில் கொடுத்தார். "படிம்மா."

வலமிருந்து இடமாக எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனேன். இலத்தீன் என்று பிறகுதான் தெரிந்தது.

"என்ன அர்த்தம்?"

"தெரியாதுங்க."

"தெரியாம எப்படி இத்தனை வெரசாப் படிச்சே?"

"தெரிஞ்சா நின்னு யோசிப்பனுங்க. வேகம் போயிருமுங்க."

பென்சிலின் மொட்டை முனையால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். அதுதான் அவர் சிரிப்பு என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. பின்னாளில் அறக்கட்டளைக்குப் போன இந்த வரைபட அறையில் வேலை கிடைத்தது. புரியாமல் படிப்பதை ஒரு தகுதி என்று ஏற்றுக்கொண்ட ஒரே முதலாளி அவர்தான்.

பெரியவரின் அறையில் பேனாவுக்கு இடமில்லை. வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். வருகிறவர்கள் சட்டைப்பையில் உள்ள பேனாவை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வங்கி மேலாளர் ஒருவர் தங்க முனைப் பேனாவைப் போட்டுவிட்டு, அரை மணி நேரமும் சொம்பையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடங்களைப் பார்க்கவே இல்லை. தாளைத் தொடும் முன் கையைக் கழுவி, துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் காட்ட வேண்டும். முதலில் தன் கையைக் காட்டுவார், பிறகு என் கையைக் கேட்பார்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தேவையும் இருக்கவில்லை. என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டு ஒருமையில் பேசுபவர், நான் தப்பாக எதையாவது சொன்னால் மட்டும் மரியாதைக்கு மாறுவார். "அப்படீங்களா அம்மா" என்று அவர் சொன்னால் நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிடுவேன்.

ஒரு வரைபடம் உண்மையிலேயே பழையதா என்று பார்க்க அவர் வைத்திருந்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. குப்புறப் போட்டு, ஓரத்தில் விரல் நுனியால் மெல்லத் தடவ வேண்டும். செப்புத் தகட்டை ஈரத் தாளோடு சேர்த்து உருளைக்கடியில் விட்டு அழுத்தியிருந்தால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பள்ளம் இல்லையென்றால் அநேகமாகப் பிற்காலத்துப் பிரதி. அடுத்து தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கையால் செய்த தாளென்றால் கூழை வடித்த சல்லடைக் கம்பிகளின் வரிகள் தெரியும். பிறகு பின்பக்க எழுத்து. ஒரே வரைபடம் இலத்தீன் வாசகருக்கு ஒரு பதிப்பு, டச்சுக்காரருக்கு ஒன்று, பிரெஞ்சுக்காரருக்கு ஒன்று என்று வந்திருக்கும். பின்னால் என்ன மொழி என்று பார்த்தால் எந்தப் பதிப்பு என்று பிடித்துவிடலாம். நிறம் கடைசியில்தான். முதல் மாதம் ஒரு கடற்கரையின் பச்சையைப் பார்த்து "எத்தனை அழகுங்க" என்றேன்.

"உங்க ஊட்டுச் செம்புக் கொடத்துல புடிக்குமே, அது என்ன?"

"களிம்புங்க."

"அதேதான் இது. கடலோரம் பூராவும் களிம்பைப் பூசி வெச்சிருக்கான். இன்னமும் தாளைத் தின்னுட்டு இருக்குது. அழகுங்கறே."

திருப்பிப் பார்த்தேன். பச்சை பூசிய இடமெல்லாம் பின்னால் பழுப்பேறி, தொட்டால் உதிரும்போல் இருந்தது.

அந்த வரைபடக்காரர்களைப் பெரியவர் தம் பங்காளிகளைப்போலப் பேசுவார். ஆம்ஸ்டர்டாமிலும் ஆண்ட்வெர்ப்பிலும் இருந்தவர்களின் பெயர்கள் பார்வையாளர் வாயில் நுழையாது என்பதால் மாமனார், மாப்பிள்ளை, தாடி என்று பெயர் வைத்திருந்தார். ஒருவர் இறந்தால் அவருடைய தகடுகள் மனைவிக்குப் போகும், அங்கிருந்து மருமகனுக்கு, அவனும் நொடித்துப் போனால் எதிர்க்கடைக்காரனுக்கு. வாங்கியவன் தகட்டின் முதுகில் சுத்தியலால் தட்டி, பழைய பெயர் இருந்த இடத்தை மேலே எழுப்பி, தேய்த்து மழித்துத் தன் பெயரைச் செதுக்குவான். நதிகளும் மலைகளும் தப்புகளும் முன்பிருந்தபடியே இருக்கும். எங்கள் நாளிதழின் வெள்ளப் பாலத்தை நான் நினைத்துக்கொள்வேன்.

அவர்களில் பெரும்பாலோர் வரைந்த இடங்களுக்குப் போனதே இல்லை. கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு வரைந்தார்கள். கப்பல்காரர்களுக்குத் தெரிந்தது கரைதான். அதனால் தென்னிந்தியாவின் கடலோரத்தில் எழுத்து வைக்க இடமிருக்காது, உள்ளே ஒன்றுமே இருக்காது. பவானியிலிருந்து ஜமக்காள வியாபாரி ஒருவர் வந்து, மாமனாரின் வரைபடம் ஒன்றில் தம் ஊர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். காவிரி ஒரு பக்கமும் பெயரில்லாத இன்னோர் ஆறு ஒரு பக்கமுமாகத் தனித்தனியே கடலுக்குப் போயின. வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, ரெண்டு ஆறும் சேரவே இல்லீங்களே. அப்ப எங்க கூடுதுறைல நாங்க இத்தனை நாளா எதுலீங்க முழுகுனோம்?"

நான் மாமனாரின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்.

உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்காக வெற்றிடமாக விட்டால் வாடிக்கையாளர் வாங்க மாட்டார். ஆகவே செதுக்குபவர் அங்கே ஒரு மரத்தையோ சிங்கத்தையோ போட்டு நிரப்புவார். எங்களிடம் இருந்த, மாமனார் வெளியிட்ட தீபகற்ப வரைபடம் ஒன்றில் கொச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், கொங்குநாடு முழுவதையும் மிதித்துக்கொண்டு ஒரு யானை நின்றது. பெரியவர் முதலில் வாங்கிய வரைபடம் அதுதான். கண்ணாடிச் சட்டத்தில், நுழைந்ததும் தெரியும் சுவரில் மாட்டியிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்: "நம்ம ஊரைப் பத்தி அவனுக்கு ஒரு சங்கதி தெரிஞ்சிருக்குது பாருங்க. ஆனை."

ஒரு வருடம் ஆலையின் காலண்டரில் அதை அச்சடித்தார்கள். ‘நம் மண், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்’ என்று கீழே ஒரு வரி, பெரியவர் சொன்னது. அந்த வரியில் நான் ஆட்சேபித்தது எழுத்தின் அளவை மட்டும்தான். இன்னும் பெரிதாக இருக்கலாம் என்றேன்.

அந்தக் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலுச்சாமி வந்தார்.

தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். இவர் ஆலையில் கொஞ்ச காலம், லாரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து நிலம் வாங்கி வாழை போட்டிருந்தார். வாசலில் பேனா இல்லை என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். கையைக் கழுவச் சொன்னதும் முழங்கைவரை கழுவினார். பிறகு காலண்டரை மேசையில் விரித்தார்.

"உங்க காலண்டர்தானுங்க என்ற ஊட்டுக்குக் கூரை போட உடமாட்டீங்குது."

அவர் சொன்னது இதுதான். தோட்டத்தில் வீடு கட்டுகிறார். சுவர் எழும்பிவிட்டது. மலையடிவாரம் என்பதால் கூரை போட ஓர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கந்தசாமிக்கும் இவருக்கும் வெகுநாளாக ஆகாது. அவர், அது யானை வழி, வீடு கட்டக்கூடாது என்று மனுக் கொடுத்து, அத்தாட்சியாக எங்கள் காலண்டரையும் இணைத்துவிட்டார். யானையின் பின்னங்காலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பழைய காலத்து ஆதாரம் என்பதால் சென்னையிலிருந்து வரைபட நிபுணர் ஒருவரின் கருத்து வரும்வரை எல்லாம் நிறுத்திவைப்பு.

"எப்பங்க வருமாம் அந்தக் கருத்து?" என்று கேட்டேன்.

"ஆருக்குங்க தெரியும். மழை வாரதுக்கு முன்னால கூரை போட்டாகோணும். புள்ள தலப்பிரசவத்துக்கு வாரா. நாங்க இருக்கறது தகரக் கொட்டாய்ங்க. பச்சைப் புள்ளைய வெச்சுட்டு அதுல எப்படீங்க?"

பிறகு தயங்கி, "அந்த நிபுணர்ங்கறது நீங்க இல்லீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அதுவரை என்னை யாரும் அந்தச் சொல்லால் சந்தேகப்பட்டதுகூட இல்லை. "பாக்கலாங்க" என்றேன்.

அவர் போனபின் சுவரிலிருந்த யானை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செய்தி ஆசிரியரின் கேள்வி, எத்தனையோ வருடம் தாமதமாக, அப்போதுதான் வந்தது. இந்த யானையை யார் பார்த்தது? பூதக்கண்ணாடியை வைத்துத் தும்பிக்கையிலிருந்து ஆரம்பித்தேன். காதுக்கு வந்தபோது நிறுத்தினேன். தோளையே மூடும் காது. நம் கோயில் யானைகளுக்கு அந்தக் காது கிடையாது. ஆப்பிரிக்க யானைக்கு உண்டு. அதே மாமனார் வெளியிட்ட ஆப்பிரிக்கா எங்கள் நான்காவது இழுப்பறையில் இருந்தது. அதன் நடுவிலும், யாருக்கும் ஒன்றும் தெரியாத இடத்தில், ஒரு யானை. ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்தது.

எதிர்ப்பக்கம் பார்த்ததுதான் விஷயம். ஏற்கெனவே அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால், அச்சில் இடவலம் மாறி விழும். எழுத்தென்றால் கவனமாகத் திருப்பிச் செதுக்குவார்கள். யானை எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன?

மறுநாள் பெரியவர் வந்ததும் சொன்னேன். "ஐயா, நம்ம யானை ஆப்பிரிக்காவிலிருந்து வந்துதுங்க."

"அப்படீங்களா அம்மா."

எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. கையைக் கழுவினார். ஆப்பிரிக்காவை எடுக்கச் சொன்னார். வரைபடத்தின் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் ஒளிபுகும் தாள். தாள் நகராமல் அவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் யானையின் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு தாளைப் புரட்டி, சுவரில் இருந்த சட்டத்தின் மேல் வைத்தேன். தும்பிக்கையின் சுருள் பொருந்தியது. வால் பொருந்தியது. முன்னங்காலுக்கடியில் ஒரு சின்னக் கல், அதன் நிழல், அதுவும் பொருந்தியது.

பெரியவர் பூதக்கண்ணாடியை வாங்கி, தும்பிக்கையிலிருந்து தானும் ஆரம்பித்தார்.

"காது," என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"முப்பது வருசமாப் பாக்கறேன் நான்."

"நானும்தானுங்க பாத்துட்டிருக்கறேன்."

"நீ எங்க பாத்தே? நீ தூசி தட்டினே."

அது சரிதான். அலுவலகத்தில் காட்ட, இந்த யானை எந்த இடத்துக்கும் சான்றல்ல என்று அவர் எழுத்துமூலம் தர வேண்டும் என்றேன். முகம் மாறியது.

"எழுத்துல வேண்டாம். நீ போயி வாயில சொல்லிட்டு வா."

"வாயில சொன்னா எடுத்துக்க மாட்டாங்கய்யா."

"எத்தனை பேர்த்துக்கிட்டச் சொல்லியிருப்பேன், நம்ம ஆனை, நம்ம ஆனைன்னு. எத்தனை ஊட்டுல அந்தக் காலண்டர் தொங்குது. இப்ப நானே அது பொய்யின்னு கையெழுத்துப் போட்டுத் தரோணுமா?" தெலுங்கில் தனக்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். மாமனாரைப் பற்றியதாக இருக்க வேண்டும், நல்லதாக இருந்திருக்காது. "அந்த ஆளுக்கு எப்பக் கூரை போடோணும்?"

"மழைக்கு முன்னாலங்க. பொண்ணு பிரசவத்துக்கு வருதாமுங்க."

பென்சிலை எடுத்தார். மேசையைத் தட்டவில்லை. தானே சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். ‘இதைச் செதுக்கியவர் எங்கள் பகுதிக்கு வந்தவரல்லர். அவர் வேறொரு கண்டத்தின் படத்திலிருந்து இந்த யானையை எடுத்தார். அந்த யானையை அவர் பார்த்தாரா என்பதற்கும் சான்றில்லை.’ கடைசி வரியை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். கையெழுத்தைப் பழக்கத்தில் பென்சிலால் போட்டுவிட்டார். நான் வாசல் சொம்பில் கைவிட்டு, யாரோ மறந்துபோன பேனா ஒன்றை எடுத்து வந்தேன்.

என் கண்டுபிடிப்பை வேலுச்சாமிக்கு விளக்கமாகக் காட்டினேன். தாளைப் புரட்டிப் பொருத்தியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"காது பெருசா இருந்தா என்னங்க அம்மணி. வாழையத் திங்கறது வாய்தானுங்களே."

விசாரணை நாளில் கஞ்சிபோட்ட பருத்திச் சேலை, பூதக்கண்ணாடி, கடிதம், புரட்டுத் தாள் எல்லாவற்றோடும் போனேன். அதிகாரி ஓர் இளம்பெண், தெற்கத்திப் பக்கத்தவர். கந்தசாமி வெள்ளை வேட்டியில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, ஆசனம் காட்டினார். எதிராளிக்குக் குறை வைக்காத ஊர் இது.

"மேடம், முந்நூத்தம்பது வருசமா ஆனை நின்ன எடமுங்க அது. படத்துலயே இருக்குதுங்க," என்றார்.

நான் ஆரம்பித்தேன். இந்த அளவில் பார்த்தால் அந்தப் பின்னங்கால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து சத்தியமங்கலம்வரை போகிறது என்றேன்.

"அப்பெல்லாம் ஆனை பெருசா இருந்திருக்குமுங்க," என்றார் கந்தசாமி.

"அப்படிப் பாத்தா வேலுச்சாமி தோட்டமும் அந்தக் காலுக்குக் கீழதானுங்க. உங்க தோட்டமும்தான். இப்ப நாம உக்காந்திருக்கற ஆபீசும்தான்."

அதிகாரி தன்னையறியாமல் தரையைப் பார்த்தார். புரட்டுத் தாளைக் காட்டினேன், காதைக் காட்டினேன், கடிதத்தைக் கொடுத்தேன். அவர் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கோப்பிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கந்தசாமியிடம் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு இனிமே சென்னைக்கு எழுத வேண்டாம்," என்றார். கோப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘நிபுணர்’ என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அதிகாரி வேலுச்சாமி பக்கம் திரும்பினார். "சரி. படத்து யானை போகட்டும். நிஜ யானை வருதா?"

வேலுச்சாமியை நான் பார்த்த பார்வையில், வாயைத் திறக்காதீர்கள் என்பது தெளிவாக இருந்திருக்கும்.

"வருதுங்க மேடம்," என்றார். "நெறையா வருதுங்க."

அந்த அறையில் என் ஆப்பிரிக்க யானைக்கு அதன்பிறகு வேலை இருக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தேன். கந்தசாமி எனக்காக வருத்தப்படுவதுபோல் தலையாட்டினார்.

"வரும்னு தெரிஞ்சேவா வீடு கட்டறீங்க?"

"தெரிஞ்சதாலதானுங்க கூரை கேக்கறேன். தகரத்த அது டப்பா மூடியாட்டப் பிரிச்சுப்போடுமுங்க. போன மழையில அரிசி மூட்டைய எடுத்துட்டுப் போச்சு. நானும் எங்கூட்டுக்காரியும் கட்டலுக்கடியில கெடந்தோம். ஆனை வராதுன்னு நான் எங்கீங்க சொன்னேன்? அந்தப் படத்துல இருக்கறது எங்க ஆனை இல்லீன்னுதானுங்க சொன்னேன்."

அதிகாரி சிறிது யோசித்து, "நான் வந்து பார்க்கறேன்," என்றார்.

பெரியவர் என்னையும் காரில் அனுப்பினார். "அது நம்ம ஆனை இல்லீன்னு கண்டுபுடிச்சே. நம்ம ஆனை எதுன்னும் பாத்துட்டு வா." வீடு வாழைக்கு நடுவே, கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி நின்றது. பக்கத்திலேயே தகரக் கொட்டாய், ஒரு பக்கம் நசுங்கி, நிமிர்த்தித் தட்டப்பட்டு. தோட்டத்தின் ஓரமாக மழைநீர் வரும் பள்ளம் ஒன்று. பள்ளத்துக் கரையோடு ஒரு தடம் மண்ணில் மழமழவென்று அழுந்திப் போயிருந்தது. தடத்தின் ஓரத் தென்னைகளில், என் தலைக்கு மேலே கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், சேறு தேய்த்த அடையாளம். காய்ந்த சாணம். வீட்டுப் பக்கம் மட்டும் எதுவும் இல்லை. அரிசி வாசம் வரும்போது மட்டும் தடத்தை விட்டு விலகிக் கொட்டாய்க்கு வரும் என்றார் வேலுச்சாமி.

அதிகாரி தடத்தின் முழு நீளமும் நடந்தார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுகாலில் மட்டும் செருப்போடு நடந்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து கோப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"வடக்கு எந்தப் பக்கம் மேடம்?" என்று நிபுணரைக் கேட்டார்.

நான் மலையைக் காட்டினேன். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். மலையும் மேலே இருந்தது.

"அது மேக்குங்க," என்றார், தம் தோட்டத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கந்தசாமி, மிகுந்த மரியாதையோடு.

அதிகாரி வரைந்தார். வீட்டுக்கு ஒரு கட்டம், கிணற்றுக்கு ஒரு வட்டம், பள்ளத்துக்கு இரட்டைக் கோடு, கரையோடு ஒரு புள்ளிக் கோடு. அதன்மேல் ‘யானை வரும் வழி’ என்று எழுதினார். யானைப் படம் எதுவும் போடவில்லை. மீதி இடத்தை அப்படியே வெறுமையாக விட்டார். கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். சில நாளில் உத்தரவு வந்தது. கூரை போடலாம், அரிசியை உள்ளே கான்கிரீட் அறையில் வைக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் சுவரோ வேலியோ விளக்கோ கூடாது. அந்த வரைபடத்தின் நகல் உத்தரவோடு இணைக்கப்பட்டிருந்தது.

மழைக்கு முன்னால் கூரை போட்டாயிற்று. பால் காய்ச்சுக்குப் பெரியவரும் வந்தார். கந்தசாமியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். வேலுச்சாமியின் மகள் கான்கிரீட் கூரையின் கீழ், மின்விசிறிக்கு நேராக, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியவர் வீட்டைப் பாராட்டிவிட்டு உத்தரவைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை. பின்னாலிருந்த வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இதை வரைஞ்சவங்க நேர்ல வந்து பாத்துட்டா வரைஞ்சாங்க?"

"ஆமாங்க. செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சுங்க," என்றார் வேலுச்சாமி.

"என்கிட்ட இருக்கறது ஒண்ணுகூட அப்படி இல்லை." பெரியவர் தாளை விடவில்லை. "ஏனுங்க, இந்தக் கடைசித் தாளை மட்டும் நான் வெச்சுக்கட்டுங்களா? பதிலுக்கு அந்த ஆனைப் படத்தைச் சட்டத்தோட அனுப்பி வெக்கறேன். ஆம்ஸ்டர்டாம்ல வாங்குனது."

அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலுச்சாமி நிஜமாகவே யோசித்தார். பிறகு அவர் கையிலிருந்து உத்தரவை மெல்ல வாங்கி, நாலாக மடித்தார்.

"மன்னிச்சுக்கோங்க. இதை உங்ககிட்டக் குடுத்துப்போட்டா, நாளைக்கு ஆனை வந்து எந்தப் பக்கம் போறதுன்னு கேட்டா நான் எதைங்க காட்டறது?"